ராக் ஆல்பங்களின் கடைசிப் பாட்டு: மங்களமா, மெயினா?

அல்சூர்_ஏரிக்கரை எழுதியது:

1980களின் கடைசியில் நான் பெங்களூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, பிரிகேட் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், எல்.பி. எனும் பெரிய இசைத்தட்டுகளிலிருந்து கேசட்டில் பதிந்து தரும் கடை இருந்தது. 90 நிமிட வெற்றுக் கேசட்டை நாம் வாங்கிக் கொடுத்துவிட்டால், பக்கத்திற்கு ஓர் ஆல்பம் என்ற கணக்கில் இரண்டைப் பதிந்து, அட்டையில் சிவப்பு மையால் பாட்டின் பெயர்களையும் வரிசையாக எழுதித் தருவார்கள். என் கேசட்டின் ஒரு பக்கத்தில் பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்', மறுபக்கத்தில் பீட்டில்ஸின் 'அபே ரோடு'. முன்னது 43 நிமிடம் என்பதால் பக்கத்திற்குள் அடங்கியது. பின்னது 47 நிமிடத்திற்குச் சற்றே கூடுதல். பக்கத்திற்கு 45 நிமிடம்தான் என்பதைக் கடைக்காரரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

விளைவு என்னவென்றால், 'தி எண்ட்' பாட்டில் ரிங்கோ ஸ்டார் டிரம்ஸில் தனி வாசித்து முடித்து, மெக்கார்ட்னி, ஹாரிசன், லெனன் மூவரும் முறைவைத்துக் கிட்டாரில் மோதத் தொடங்கும் இடத்தில், டக்கென்று பொத்தான் மேலெழும்பி நாடா நின்றுவிடும். ஐந்தாறு ஆண்டுகள் அந்த ஆல்பம் அப்படித்தான் முடிகிறது என்றே நான் நம்பியிருந்தேன். சண்டையை நடுவில் நிறுத்தியதுதான் அவர்களுடைய சாமர்த்தியம் என்று நண்பர்களிடம் விளக்கம்கூடச் சொல்லியிருக்கிறேன். குறுந்தகடு வாங்கி முழுதாகக் கேட்ட நாளில் மகிழ்ச்சியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

மறுபக்கத்தில் இதற்கு நேர்மாறு நடந்தது. 'டார்க் சைட்' இதயத் துடிப்பின் ஒலியில் தொடங்கி, 'எக்லிப்ஸ்' முடிந்தபின் அதே துடிப்பில் அடங்குகிறது. அந்தத் துடிப்பினூடே, நிலவின் இருண்ட பக்கத்தைப் பற்றி ஸ்டுடியோவின் வாயிற்காவலர் ஜெரி ஓ'ட்ரிஸ்கால் பேசும் குரலும் மெல்லக் கேட்கும். அதன் பிறகு என் கேசட்டில் இரண்டு நிமிடம் வெற்று நாடா ஓடும். துடிப்பு எங்கே நின்றது, நாடாவின் இரைச்சல் எங்கே தொடங்கியது என்பது தெரியாது. இன்று தெளிவான ஒலியில் கேட்கும்போது அந்த இரைச்சல் இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

என் கேள்வி இதுதான். ஓர் ஆல்பத்தின் ஆகப் பெரிய பாட்டு கடைசியில் வருவது சிறப்பா, அல்லது பெரிய பாட்டு முடிந்தபின் நம்மை வாசல்வரை கொண்டுவந்து விடும் சிறிய பாட்டு வருவது சிறப்பா? பட்டியல்கள் வேண்டாம், இணையத்தில் அவை மலிந்து கிடக்கின்றன. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அது ஏன் கடைசியில் மட்டுமே இருக்க முடியும் என்று சொல்லுங்கள்.

சாமராஜபேட்டை_ரசிகை எழுதியது:

ஒவ்வோர் ஆண்டும் ராமநவமிக்குக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் நடக்கும் கச்சேரிகளுக்கு அப்பாவுடன் போய் வளர்ந்தவள் நான். ராக் இசை அண்ணன் வழியாகப் பின்னால் வந்து சேர்ந்தது. ஆகவே உங்கள் கேள்வி எனக்குக் கச்சேரிப் பந்தியின் கேள்வியாகவே கேட்கிறது. ராகம், நிரவல், தாள வாத்தியம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் என்று விரிந்த மெயின் உருப்படி முடிந்து, துக்கடாக்கள் எனும் சிறு பாட்டுகள், தில்லானா எல்லாம் முடிந்தபின், கச்சேரியை முடித்துவைக்கும் மங்களம் வரும். "இன்றைக்கு மங்களம் பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டு யாரும் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் மங்களம் பாடாமல் பாடகர் எழுந்துவிட்டால், பாதி இலையில் எழுந்த மாதிரி இருக்கும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மகத்தான கடைசிப் பாட்டுகள் என்று பலரும் கொண்டாடுபவற்றில் பெரும்பாலானவை மெயின் உருப்படிகளே. 1971-இல் வந்த, த ஹூ குழுவின் 'ஹூஸ் நெக்ஸ்ட்' ஆல்பத்தின் இறுதியில் உள்ள 'வோன்ட் கெட் ஃபூல்டு அகெய்ன்' எட்டரை நிமிடம் நீள்கிறது. நடுவில் எல்லாரும் ஒதுங்கிக்கொள்ள, சின்தசைசர் எனும் மின்னணு ஒலிக்கருவிக்குள் செலுத்தப்பட்ட ஆர்கன் மட்டும் தனியே துடித்துக்கொண்டிருக்கும். பிறகு கீத் மூனின் டிரம்ஸ் இடி போல் இறங்க, ராஜர் டால்ட்ரியின் அந்த அலறல். அது தனி ஆவர்த்தனம் முடிந்து பல்லவியைப் பிடிக்கும் இடத்திற்குச் சமானம். அதை மங்களம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

உண்மையான மங்களத்தை 1975-இல் குவீன் குழு செய்து காட்டியது. 'எ நைட் அட் தி ஆப்ரா' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு எது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் 'பொஹீமியன் ராப்சடி' என்பார்கள். அது கடைசிக்கு முந்தையது. அதன் பின்னால் ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல், 'காட் சேவ் த குவீன்' என்ற அன்றைய பிரிட்டிஷ் தேசிய கீதத்தைப் பிரையன் மே கிட்டார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாசித்திருக்கிறார். நம் தியேட்டர்களில் படம் முடிந்ததும் ஜன கண மன ஒலித்த காலத்தை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதிப் பேர் அசையாமல் நிற்பார்களாம், பாதிப் பேர் கதவை நோக்கி நழுவுவார்களாம். இங்கிலாந்திலும் அந்த வழக்கம் இருந்தது. அத்தனை ஆர்ப்பாட்டமான நாடகத்திற்குப் பிறகு, "காட்சி முடிந்தது, எழுந்திருங்கள்" என்று விளக்கைப் போட்டுவிடுகிற குறும்பு அதில் இருக்கிறது. தனியே எடுத்துக் கேட்டால் அது ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் அதைத் தவிர வேறெதுவும் நிற்காது.

உங்கள் 'அபே ரோடு' கதையில் இன்னொரு இழப்பையும் நீங்கள் கவனிக்கவில்லை. கேசட் தின்றது 'தி எண்ட்' பாட்டின் முடிவை மட்டுமல்ல. அதன் பிறகு பதினான்கு வினாடி போல் அமைதி. அதற்கும் பிறகு 23 வினாடிக்கு 'ஹெர் மெஜஸ்டி'. அது மங்களத்திற்குப் பின்னால் பாடப்பட்ட துக்கடா. நம் சம்பிரதாயத்தில் அபசாரம். முதலில் அது 'மீன் மிஸ்டர் மஸ்டர்டு' பாட்டிற்கும் 'பாலித்தீன் பாம்' பாட்டிற்கும் நடுவில் இருந்தது. மெக்கார்ட்னிக்கு அது அங்கே பிடிக்கவில்லை, வெட்டி எறியச் சொன்னார். பீட்டில்ஸ் பாடிய எதையும் எறியக்கூடாது என்ற கட்டளையின்கீழ் வேலை பார்த்த நாடா உதவியாளர் ஜான் கர்லாண்டர், அந்தத் துண்டைச் சுருளின் கடைசியில் ஒட்டிவைத்தார். கேட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த விபத்தே பிடித்துவிட்டது. அதனால்தான் அது 'மஸ்டர்டு' பாட்டின் கடைசி அதிரடியோடு தொடங்குகிறது. அதனுடைய சொந்தக் கடைசி ஸ்வரமோ அடுத்த பாட்டோடு போய்விட்டது.

ஊசிமுனை எழுதியது:

சகோதரியின் மங்கள வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் இருபது ஆண்டுகளாக, தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள்களைப் பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில், கடைசிப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததில் கலைஞனுக்கு மட்டுமல்ல, தட்டுக்கும் பங்குண்டு என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்.பி. நிமிடத்திற்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் சுழல்கிறது. வெளி விளிம்பில் பள்ளத்தின் ஆரம் 14.6 சென்டிமீட்டர் என்பதால், ஊசிக்கு அடியில் வினாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் நீளப் பள்ளம் ஓடும். பெயர்ச்சீட்டை ஒட்டிய உள் விளிம்பில் ஆரம் 6 சென்டிமீட்டராகக் குறுகிவிடும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதாவது, வெளியே தாராளமாக நீட்டி எழுதிய அதே விஷயத்தை உள்ளே பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். ஊசியால் அந்த நெருக்கத்தைச் சரியாகத் தொடர முடியாது. முதலில் பாதிக்கப்படுவது கீச்சு ஒலிகள்: சிம்பல் மணல் கொட்டுவதுபோல் ஆகும், பாடுபவரின் 'ஸ' எல்லாம் சீறும். ஆகவே பக்கத்தின் கடைசியில் அமைதியான பாட்டை வைப்பது பதிவாளர்களுக்குப் பிடித்தமான, பாதுகாப்பான ஏற்பாடு. நீங்கள் மங்களம் என்று கேட்பதில் கொஞ்சம் இந்தக் கணக்கும் கலந்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு, 1967-இல் வந்த, பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தின் கடைசியில் உள்ள 'எ டே இன் த லைஃப்' பாட்டைக் கேளுங்கள். நாற்பது வாத்தியக்காரர்கள் 24 பார் (தாளச் சுற்று) நீளத்திற்கு, ஒவ்வொருவரும் தம் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்திலிருந்து உச்சத்திற்குத் தம் போக்கில் ஏறுகிறார்கள். ஊசிக்கு அந்த இடம் உண்மையிலேயே சோதனை. அது முடிந்ததும் ஒரு நொடி நிசப்தம். பிறகு பல பியானோக்களில் ஒரே அடியாக விழும் இ மேஜர் கார்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு. அதை 1967 பிப்ரவரி 22 அன்று பதிந்தார்கள். ஒலி தேயத் தேய, பதிவாளர் ஜெஃப் எமரிக் ஒலியளவுக் கட்டைகளை மெல்ல மெல்ல மேலே தள்ளிக்கொண்டே போனார். ஆகவே அது நாற்பது வினாடிக்கும் மேலாக உயிரோடு இருக்கிறது. நல்ல ஹெட்ஃபோன் இருந்தால், கடைசி வினாடிகளில் யாரோ நாற்காலியில் அசையும் கிரீச்சொலி கேட்கும். கண்ணைத் திறந்து பார்த்துவிடத் தோன்றும்; அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வு அவ்வளவு உறுதியாக வரும்.

அதோடும் விடவில்லை. இங்கிலாந்தில் வெளியான தட்டில், அதன் பிறகு நாய்களுக்கு நன்றாகக் கேட்கும் 15 கிலோஹெர்ட்ஸ் சீழ்க்கை ஒன்றும், ஊசி வந்து முடியும் வட்டப் பள்ளத்தில் பொருளற்ற பேச்சுத் துணுக்கு ஒன்றும் உண்டு. தானாகக் கை தூக்காத டர்ன்டேபிளில், யாராவது எழுந்துபோய் ஊசியை எடுக்கும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். முடிவே இல்லாத முடிவு.

இனி, ஏரிக்கரை நண்பருக்கு ஓர் ஆறுதல். எல்.பி.க்கு இரண்டு பக்கம், ஆகவே இரண்டு முடிவுகள். 'அபே ரோடு' முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'ஐ வான்ட் யூ'. ஏழே முக்கால் நிமிடம், ஒரே கிட்டார் வரிசை மீண்டும் மீண்டும் சுழல, மூக் சின்தசைசரின் காற்றிரைச்சல் புயலாக ஏறிக்கொண்டே வரும்போது, வரிசை முடியாத ஓர் இடத்தில் நாடாவைக் கத்தியால் வெட்டியதுபோல் பாட்டு நின்றுவிடும். வெட்டியதுபோல் என்ன, லெனன் சொல்லி அங்கே வெட்டத்தான் செய்தார்கள். அப்படி ஒரு முடிவைக் காதில் வாங்கிய பையன், இரண்டாவது பக்கமும் நடுச்சண்டையில் அறுந்தால் அதுவும் திட்டமிட்டது என்று நம்பியதில் தவறே இல்லை. உங்கள் கேசட்டில் பக்கம் திருப்பும் இடைவெளி இல்லாமல், அந்த வெட்டுக்குப் பின் உடனே 'ஹியர் கம்ஸ் த சன்' வந்திருக்கும் என்பதுதான் எனக்கு வருத்தம். தட்டை எடுத்துத் திருப்பி, தூசி துடைத்து, ஊசியை வைக்கும் அந்த அரை நிமிடம் வெயில் வருவதற்குத் தேவை.

மழைக்கால_மாலை எழுதியது:

எல்லாரும் பீட்டில்ஸையே சுற்றிவருவதால் குறுக்கிடுகிறேன். என் தேர்வு, டோர்ஸ் குழுவின் 'எல்.ஏ. வுமன்' ஆல்பத்தை முடிக்கும் 'ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்'. மழையிலும் இடியிலும் தொடங்கி மழையிலும் இடியிலும் முடிகிறது. ரே மன்சாரெக்கின் மின்பியானோ மேலிருந்து கீழாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். ஜிம் மாரிசன் ஒருமுறை பாடியதன்மேல், அதே வரிகளைக் கிசுகிசுப்பாகவும் சொல்லிப் பதிந்திருக்கிறார். முதல் தடவை கேட்கும்போது அது தெரியாது. தெரிந்த பிறகு அதைத் தவிர வேறொன்றும் காதில் விழாது. ஆல்பம் 1971 ஏப்ரலில் வந்தது. ஜூலை 3 அன்று பாரிஸில் அவர் இறந்துவிட்டார். அவர் திட்டமிட்டு எழுதிய விடைபெறல் அல்ல அது. என்றாலும், அந்தக் கிசுகிசுப்பை இப்போது வேறுவிதமாகக் கேட்க என்னால் முடியவில்லை.

மே மாதத்தில் நான்கு மணிக்கு வானம் கறுத்து, காக்ஸ் டவுன் சாலையில் குல்மொஹர் பூக்கள் எல்லாம் தண்ணீரில் மிதந்து போகும் மாலைகளில் இதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மெயினா மங்களமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சிவாஜிநகர்_இளையவன் எழுதியது:

பெரியவர்கள் நடுவில் பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு 23 வயது. கேசட்டையும் எல்.பி.யையும் அத்தை வீட்டுப் பரணில் பார்த்ததோடு சரி. நான் பாட்டுக் கேட்கும் செயலியில் ஓர் ஆல்பம் முடிந்ததும், அதே சாயலில் வேறொரு குழுவின் பாட்டு தானாகவே தொடங்கிவிடுகிறது. ஊசிமுனை ஐயா சொன்ன அந்த நாற்காலிச் சத்தத்தைக் கேட்க நேற்றிரவு முயன்றேன். கார்ட் முழுதாகத் தேய்வதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த நேரத்தில், யாரோ உரத்த குரலில் வேறு பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். ஒலியளவை முழுதாக ஏற்றி வைத்திருந்ததால் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்து திட்டினார்.

ஆனால் செயலியால் நன்மையும் ஒன்று நடந்தது. பிங்க் ஃபிளாய்டின் 'த வால்' ஆல்பத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி வைத்திருந்தேன். கடைசிப் பாட்டில் மெல்லிய மெட்டு ஒன்று வாசிக்கப்பட, ஒரு குரல் பாதிக் கேள்வியைக் கேட்டுவிட்டு அறுந்துபோனது. சரி, ஆல்பம் முடிந்துவிட்டது என்று எழப்போனேன். முதல் பாட்டு மீண்டும் தொடங்கியபோது, அதே மெட்டின்மேல் அதே குரல் மீதிக் கேள்வியைக் கேட்டு முடித்தது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயமா, அல்லது எனக்கு மட்டும் கேட்டதா?

ஊசிமுனை எழுதியது:

தம்பி, அது 1979-இலிருந்தே எல்லாருக்கும் தெரிந்ததுதான்; ஆனால் யாரும் சொல்லாமல் தானாகக் கண்டுபிடிப்பவர்கள் குறைவு. நாங்கள் நான்கு பக்கமுள்ள இரட்டைத் தட்டில் கேட்டவர்கள். கடைசிப் பக்கம் முடிந்து, முதல் தட்டைத் தேடி எடுத்து மறுபடி வைப்பதற்குள் முதல் பாதி மறந்தே போயிருக்கும். இரண்டும் இடைவெளியின்றிச் சேர்வதை உங்கள் செயலியில்தான் ஒழுங்காகக் கேட்க முடியும். அமைப்புகளுக்குள் 'தானாகத் தொடர்ந்து இயக்கு' என்றோ அதுபோலவோ ஒரு விசை இருக்கும். அதை அணைத்துவிட்டு 'எ டே இன் த லைஃப்' பாட்டிற்குத் திரும்பிப் போங்கள்.

சாமராஜபேட்டை_ரசிகை எழுதியது:

செயலியை மட்டும் குறை சொல்வானேன்? நிறுவனங்கள் குறுந்தகடு காலத்திலேயே அந்தப் பாவத்தைச் செய்தன. டேவிட் போவியின் 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' 1972-இல் 'ராக் அண்ட் ரோல் சூசைடு' பாட்டோடு முடிந்தது. ஒற்றைக் கிட்டாரோடு, களைத்துப்போன குரலில் தொடங்கி, மூன்றே நிமிடத்திற்குள் அரங்கமே எழுந்து நிற்கும் உயரத்திற்கு ஏறி, வயலின் கூட்டத்தின் ஒரேயொரு இழுப்பில் மூடிக்கொள்கிறது. நாடகத்தில் திரை விழுவதுபோல இருக்கும். 1990-இல் வந்த குறுந்தகட்டில் அந்தத் திரைக்குப் பின்னால் ஐந்து கூடுதல் பாட்டுகளைச் சேர்த்தார்கள். அவற்றில் இரண்டு, முன்பே ஆல்பத்தில் வந்த பாட்டுகளின் ஒத்திகைப் பதிவுகள். செத்துப்போன நாயகன் எழுந்துவந்து, "இந்தக் காட்சியை முதலில் இப்படித்தான் ஒத்திகை பார்த்தோம்" என்று நடித்துக் காட்டினால் எப்படி இருக்கும்? நான் அந்தத் தகட்டைத்தான் முதலில் வாங்கினேன். 1973 ஜூலை 3 அன்று லண்டனில், இதுவே கடைசிக் கச்சேரி என்று மேடையில் அறிவித்துவிட்டு அவர் பாடியதும் இந்தப் பாட்டைத்தான் என்பதைப் பின்னால் படித்த பிறகே, அது எந்த இடத்தில் நிற்க வேண்டிய பாட்டு என்பது உறைத்தது.

இது மெயினா மங்களமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இரண்டும்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் வாதத்தில் அந்த அளவுக்கு ஓட்டை.

அல்சூர்_ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. 'ஐ வான்ட் யூ' பாட்டின் வெட்டைப் பற்றி ஊசிமுனை எழுதியதைப் படித்தபின், முப்பது ஆண்டு வெட்கம் பாதியாகக் குறைந்துவிட்டது. ரசிகை அவர்கள் சொன்ன ஓட்டையை நான் ஓட்டையாகக் கருதவில்லை. போவியின் பாட்டை ஆல்பத்தின் நடுவில் வைத்தாலும் நல்ல பாட்டாகவே இருக்கும், ஆனால் அதற்கு அடுத்த பாட்டை யாராலும் பாட முடியாது. 'காட் சேவ் த குவீன்' நிலைமை வேறு. அதற்கு முந்தைய பாட்டு இல்லாவிட்டால் அதற்கு வேலையே இல்லை. நான் கேட்ட கேள்வி இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டது.

இளையவனுக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை ஒலியளவை ஏற்றுவதற்கு முன் அண்ணன் தூங்கவில்லையா என்று பார்த்துக்கொள்ளவும்.

ஊசிமுனை அவர்களிடம் ஓர் உதவி. பேச்சு வந்ததால் அந்தக் கேசட்டைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தேன். சிவப்பு மை வெளிறி இளஞ்சிவப்பாகியிருக்கிறது; 'ஹெர் மெஜஸ்டி' என்ற பெயரும் பட்டியலின் கடைசியில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது, பாட்டுத்தான் உள்ளே இல்லை. ஓடவிட்டால் ஒலி தூரத்தில் கேட்பதுபோல் மங்கலாக இருக்கிறது, இடையிடையே ஒரு காதில் நின்றும் போகிறது. சரிசெய்ய வழியுண்டா?

ஊசிமுனை எழுதியது:

நாடாவின் பின்னால், வளைந்த செப்புத் தகட்டின்மேல், நகத்தின் பாதி அளவுக்குச் சிறு கம்பளித் துண்டு ஒட்டியிருக்க வேண்டும். நாடாவை, ஒலியைப் படிக்கும் தலையோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது விழுந்துவிடும். கூட்டுக்குள் எங்காவது உருண்டுகொண்டிருக்கும், மெல்லக் குலுக்கிப் பாருங்கள். திருகாணி போட்ட கூடு என்றால் நானே திறந்து ஒட்டித் தருகிறேன். ஒட்டி மூடிய கூடு என்றால் வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டாம், நாடா மடங்கிவிடும்.